பழைய விஎம்வேர், புது கர்னல்: ஒரு மில் சர்வீஸ் லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஆட்டோமேஷன் சர்வீஸ் ஆபீஸ், ஓனர், ரெண்டு டெக்னீஷியன், கணக்கு பாக்க ஒரு அக்கா, மொத்தமே 4 பேருதான். சுத்துவட்டார ஸ்பின்னிங் மில்லுங்கள்ல மெஷின் நின்னு போச்சுன்னா பிஎல்சி (மெஷினை ஓட்டற சின்ன கன்ட்ரோல் கம்ப்யூட்டர்), டிரைவ் (மோட்டர் வேகத்த கட்டுப்படுத்தறது), டச் ஸ்க்ரீன் எதுவா இருந்தாலும் இவங்களைத்தான் கூப்பிடுவாங்க. நான் அந்த ஆபீஸ் ஆள் கிடையாது, கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதாவது மாட்டிக்கிட்டா எனக்கு ஃபோன் வரும். இங்க எழுதறது 2024 ஜனவரில இருந்து அந்த வருஷக் கடைசி வரைக்கும் நடந்தது. ஓனர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரு எதுவும் போடல.

மில்லுங்கள்ல இன்னமும் ஓடிட்டு இருக்கற பழைய மெஷின்கள்ல நிறைய இடத்துல மிட்சுபிஷி எஃப்எக்ஸ் 2என் பிஎல்சிதான் இருக்கு. அதுல ப்ரோக்ராம் ராம்ல உக்காந்திருக்கும், அந்த ராமை உயிரோட வெச்சிருக்கறது உள்ள இருக்கற ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. பேட்டரி இறங்க ஆரம்பிச்சா முன்பக்கம் ஒரு சிவப்பு லைட்டு எரியும். அதை யாரும் கவனிக்காம விட்டு, ஞாயித்துக்கிழமை மெயின் சப்ளைய ஆஃப் பண்ணிட்டுப் போனா திங்கக்கிழமை காலைல பிஎல்சி காலியா நிக்கும். அப்போ லேப்டாப் எடுத்துட்டு ஓடி, கேபிளை மாட்டி, பேக்கப்ல இருக்கற ப்ரோக்ராமை திரும்ப ஏத்தணும், அதுவரைக்கும் மெஷின் ஓடாது.

அந்த ப்ரோக்ராமை ஏத்தற ஜிஎக்ஸ் டெவலப்பர் சாஃப்ட்வேரும், கூடவே ரெண்டு பழைய டிரைவ் சாஃப்ட்வேரும், ஒரு டச் ஸ்க்ரீன் டிசைன் சாஃப்ட்வேரும் விண்டோஸ் எக்ஸ்பிலதான் இன்ஸ்டால் ஆகி இருந்துச்சு. புதுசா வர்ற ஜிஎக்ஸ் வொர்க்ஸ் 2லயும் எஃப்எக்ஸ் ப்ரோக்ராமை திறக்கலாம், அது எனக்கும் தெரியும், ஆனா டச் ஸ்க்ரீன் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் அந்த எக்ஸ்பிக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கு, இன்ஸ்டால் பண்ண ஃப்ளாப்பி இன்னைக்கு கைல இல்ல. அதனால அந்த எக்ஸ்பிய அப்படியே காப்பாத்தியாகணும். 2019ல ஒரு லேப்டாப்புல உபுண்டு 18.04ங்கற லினக்ஸ் போட்டு, ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை (விஎம்) ஓட்டற விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 15 லைசென்ஸ் வாங்கி, அதுக்குள்ள எக்ஸ்பிய வெச்சாச்சு. 1 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க். 4 வருஷம் நல்லாவே ஓடுச்சு. அப்டேட்ல கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) மாறும்போதெல்லாம் "மாட்யூல் கம்பைல் பண்ணணும்"னு ஒரு விண்டோ வரும், பாஸ்வேர்டு குடுத்தா கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும். யாரும் அதை ஒரு விஷயமா எடுத்துக்கல, நானும்தான்.

2024 ஜனவரி: புது லேப்டாப்

உபுண்டு 18.04க்கு சாதாரண சப்போர்ட் 2023 மே மாசத்தோட முடிஞ்சிருச்சு. லேப்டாப்போட கீலும் உடைஞ்சு, மில்லுல ஸ்க்ரீனை ஒரு கையில புடிச்சுக்கிட்டே வேலை பாக்கற நிலைமை. புது லேப்டாப் வாங்குனாங்க, நான் போயி உபுண்டு 22.04 போட்டேன். அப்டேட் எல்லாம் முடிஞ்சதும் கர்னல் 6.5ல வந்து நின்னுச்சு. அதுக்கு மேல பழைய வொர்க்ஸ்டேஷன் 15.5 இன்ஸ்டாலரை ஓட்டினேன், இன்ஸ்டால் ஆச்சு, ஐகானை அமுத்துனா அதே பழைய விண்டோ வந்துச்சு, மாட்யூல் கம்பைல் பண்ணணும்னு. இந்த தடவ முடியல.

இங்க ஒரு விஷயத்த சொல்லிடறேன், இது புரிஞ்சாத்தான் மீதி புரியும். வொர்க்ஸ்டேஷன்ல கண்ணுக்குத் தெரியற பகுதி சாதாரண ப்ரோக்ராம்தான், ஆனா ப்ராசஸரோட விர்ச்சுவலைசேஷன் வசதிய தொடறதுக்கு விஎம்மான்னு ஒரு கர்னல் மாட்யூல், நெட்வொர்க்குக்கு விஎம்நெட்னு இன்னொண்ணு, இந்த ரெண்டும் லினக்ஸ் கர்னலுக்குள்ள போயி உக்காரணும். ரெண்டோட சோர்ஸும் வொர்க்ஸ்டேஷன் கூடவே வரும், எந்த கர்னல் ஓடுதோ அதுக்கு ஏத்த மாதிரி நம்ம மெஷின்லயே கம்பைல் ஆகும், அதாவது சோர்ஸ் வரிகள் ஓடற ப்ரோக்ராமா மாறும். லினக்ஸ் கர்னல்காரங்க உள்ள இருக்கற ஃபங்ஷன்களை எப்ப வேணா மாத்துவாங்க, மாத்தும்போது கர்னல் சோர்ஸுக்குள்ள இருக்கற டிரைவர் எல்லாத்தையும் அவங்களே சேத்து திருத்திருவாங்க, வெளிய இருந்து வர்ற மாட்யூலுக்கு அந்த பொறுப்ப அவங்க எடுத்துக்கறதில்ல, இது அவங்க வெளிப்படையா சொல்ற கொள்கைதான். அதனால 2018ல வந்த வொர்க்ஸ்டேஷன் 15ம், 2023ல வந்த 6.5 கர்னலும் ஒண்ணா சேரலன்னா அது யாரோட தப்பும் இல்ல, நடுவுல 5 வருஷம் ஓடிப்போயிருக்கு.

கம்பைலர்ல முதல் முட்டுக்கட்டை

லாக்கை திறந்து பாத்தா முதல் எர்ரரே கர்னல் பத்துனதா இல்ல. உபுண்டு 22.04ல சாதாரணமா இருக்கற கம்பைலர் ஜிசிசி 11. ஆனா 22.04க்கு வர்ற 6.5 கர்னலை அவங்க ஜிசிசி 12 வெச்சு கட்டியிருக்காங்க, அதோட கம்பைல் ஆப்ஷன்கள்ல ஒண்ணு ஜிசிசி 11க்கு தெரியவே தெரியாது, "இந்த ஆப்ஷன் என்னன்னே தெரியல"ன்னு சொல்லிட்டு நின்னுரும். ஜிசிசி 12 பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணி, கம்பைல் பண்றப்போ அதையே எடுத்துக்க சொன்னதும் இந்த எர்ரர் போயிருச்சு. 10 நிமிஷ வேலைதான். ஆனா இதை கவனிக்காம நேரா பேட்ச் (சோர்ஸ்ல போடற திருத்தம்) தேட போயிருந்தா, எந்த பேட்ச் போட்டாலும் அதே எர்ரர் திரும்பத் திரும்ப வந்து நாள் பூரா போயிருக்கும். எர்ரர் எத்தனை வந்தாலும் மேல இருக்கற முதல் எர்ரரைத்தான் மொதல்ல படிக்கணும்.

மாட்யூல் சோர்ஸ்

அடுத்து வந்ததெல்லாம் நிஜமான கர்னல் எர்ரர். விஎம்நெட்ல நெட்வொர்க் பேக்கெட்டை உள்ள தள்ற ஒரு பழைய ஃபங்ஷன் 5.18 கர்னல்லயே எடுத்தாச்சு. நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸை நேரா எழுதிட்டு இருந்த இடத்துல 5.17ல இருந்து அப்படி எழுத விடாது, அதுக்குன்னு இருக்கற ஃபங்ஷன் வழியாத்தான் எழுதணும். யூசர் மெமரி பேஜை புடிக்கற ஃபங்ஷனுக்கு இவங்க 5 விஷயம் குடுத்திட்டு இருந்தாங்க, 6.5ல கடைசி ஒண்ண தூக்கிட்டாங்க, அதனால "ஆர்குமென்ட் ஜாஸ்தி"ன்னு எர்ரர். ஒவ்வொண்ணும் ஒரு வரி ரெண்டு வரி மாத்தம்தான், ஆனா எந்த வரின்னு தெரியணும்.

இந்த மாதிரி திருத்தங்களை வொர்க்ஸ்டேஷன் வெர்ஷன் வாரியா பிரிச்சு தொகுத்து வெச்சிருக்கறவங்க இருக்காங்க, லினக்ஸ்ல விஎம்வேர் ஓட்டறவங்க நிறைய பேருக்கு அது பழக்கமான இடம். அங்க இருந்து 15.5க்கு கிட்ட இருக்கறத எடுத்தேன், பெரும்பாலானது பொருந்துச்சு, சிலத கையாலயே போட்டேன். சோர்ஸ் டார் ஃபைலைப் பிரிச்சு, திருத்தி, திரும்ப கட்டி அதே இடத்துல வெச்சுட்டு விஎம்வேரோட மாட்யூல் கட்டளைய ஓட்டினா ரெண்டும் கம்பைல் ஆச்சு.

இந்த இடத்துல வேற என்ன வழி இருந்துச்சுங்கறதையும் எழுதணும். 22.04க்கு 5.15 கர்னலும் உண்டு, அதுக்கு இறங்கிட்டா திருத்த வேண்டியது குறைச்சல். போட்டு பாத்தேன், புது லேப்டாப்போட வைஃபையும் டச்பேடும் 5.15ல வேலை செய்யல, அதனால அந்த வழி அடைஞ்சிருச்சு. வொர்க்ஸ்டேஷன் 17 வாங்கலாமான்னு ஓனர் கேட்டாரு. அது சரியான கேள்விதான். அப்போ ஆபீஸ் உபயோகத்துக்கு காசு குடுக்கணும், வாங்குனாலும் மாட்யூல் கம்பைல் பண்ற சுத்து அதுலயும் இருக்கும், கர்னல் தாண்டிப்போனா இதே கதை. விஎம்வேர் பண்ற இதே வேலைய லினக்ஸ் கர்னலுக்குள்ளயே இருந்து பண்ற கேவிஎம்முக்கு மாறலாம்னு நான்தான் சொன்னேன், ஆனா அந்த வாரம் ரெண்டு மில்லுல ஷட் டவுன் வேலை இருந்துச்சு, எக்ஸ்பிய கிளறி ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு வேலையும் நின்னுரும். அதனால இருக்கறத ஓட வெக்கறதுன்னு முடிவு பண்ணோம். அந்த முடிவு அப்போதைக்கு தப்பில்லன்னு இன்னைக்கும் நினைக்கறேன். ஆனா ஷட் டவுன் முடிஞ்சப்புறம் கேவிஎம் பேச்சை திரும்ப எடுக்காம விட்டுட்டோம், அதுதான் தப்பு.

செக்யூர் பூட்

கம்பைல் ஆன மாட்யூலை லோட் பண்ணப் போனா கர்னல் வாங்கிக்கல, சாவி ஒத்துக்கலன்னு திருப்பி அனுப்பிருச்சு. புது லேப்டாப்புல செக்யூர் பூட் ஆன்ல இருந்துச்சு, அது ஆன்ல இருந்தா நம்பகமான சாவியால போட்ட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூலை உபுண்டு உள்ள விடாது. பழைய லேப்டாப்புல இந்த பிரச்சனையே வரல.

பயாஸ்ல போயி செக்யூர் பூட்டை அணைச்சா 2 நிமிஷத்துல முடிஞ்சிரும், நிறைய பேரு அதைத்தான் பண்றாங்க. நான் அதை விரும்பல. அந்த லேப்டாப்புல எத்தனையோ மில்லோட ப்ரோக்ராம் இருக்கு, ஊர் ஊரா போற லேப்டாப் வேற. அதனால சொந்தமா ஒரு சாவி உருவாக்கி, அதை லேப்டாப்புல சேக்கச் சொல்லி பதிவு பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணேன். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல கலர்ல ஒரு ஸ்க்ரீன் வரும், 10 செகண்டுக்குள்ள ஏதாவது ஒரு கீய அமுத்தணும், இல்லன்னா அது பாட்டுக்கு பூட் ஆயிரும், பதிவும் போயிரும். முதல் தடவ டெக்னீஷியன் தம்பி அது ஏதோ எர்ரர்னு நினைச்சு சும்மா பாத்துக்கிட்டே இருந்துட்டான், திரும்ப முதல்ல இருந்து பண்ண வேண்டியதாச்சு. ரெண்டாவது தடவ சாவிய சேத்து, விஎம்மான், விஎம்நெட் ரெண்டுத்துலயும் கையெழுத்து போட்டதும் எக்ஸ்பி எந்திரிச்சுருச்சு. பச்சை மலைமேல நீல வானம் வந்ததும் தம்பிக்கு சந்தோஷம் தாங்கல.

சாவி ஒரு தடவ சேத்தா போதும், ஆனா கர்னல் மாறி மாட்யூல் புதுசா கம்பைல் ஆகும்போதெல்லாம் கையெழுத்தும் புதுசா போடணும். இதை நான் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி குடுத்தேன், அது லேப்டாப் பையில எங்கயோ போயிருச்சு.

முதல் மில் விசிட்: கேபிள் காணாம போச்சு

ஆபீஸ்ல எக்ஸ்பி திறக்குது, ஜிஎக்ஸ் டெவலப்பர் திறக்குது, பழைய ப்ரோஜெக்ட் திறக்குது. அதோட சரியாயிருச்சுன்னு விட்டுட்டோம். கேபிளை மாட்டி ஒரு பிஎல்சியோட பேசி பாக்கல. ஆபீஸ் அலமாரில ஒரு எஃப்எக்ஸ் 2என் சும்மா கிடந்துச்சு, அதை எடுத்து மேசைல வெக்க அரை மணி நேரம்கூட ஆயிருக்காது.

ஜனவரி கடைசில பல்லடம் பக்கம் ஒரு மில்லுல தம்பி பிஎல்சிக்கான எஸ்சி 09 கேபிளை யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியா மாட்டினான். ஜிஎக்ஸ் டெவலப்பர்ல "பிஎல்சியோட தொடர்பு இல்ல". கேபிளை கழட்டி மாட்டினான், போர்ட் மாத்தினான், 9600, 7 பிட், ஈவன் பாரிட்டி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எனக்கு ஃபோன் வந்துச்சு. லினக்ஸ் பக்கத்துல கர்னல் மெசேஜை படிக்கச் சொன்னேன், ஒவ்வொரு வரியா படிச்சான். கன்வெர்ட்டர் வந்துச்சு, லினக்ஸ்ல அந்த போர்ட்டுக்கு டிடிஒய் யுஎஸ்பி 0ன்னு பேரு கிடைச்சுச்சு, உடனே பிஆர்எல்டிடிஒய்ன்னு ஒண்ணு அதை புடிச்சுக்கிச்சு, அடுத்த வரில டிடிஒய் யுஎஸ்பி 0 கழண்டுருச்சு.

பிஆர்எல்டிடிஒய்ங்கறது பார்வை இல்லாதவங்க உபயோகிக்கற ப்ரெய்ல் டிஸ்ப்ளேக்கான ப்ரோக்ராம். சில ப்ரெய்ல் டிஸ்ப்ளேக்குள்ள இருக்கற அதே சிஎச் 340 சிப்புதான் சந்தைல கிடைக்கற விலை கம்மியான யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர்லயும் இருக்கு, ரெண்டுக்கும் அடையாள நம்பர் ஒண்ணே, அதனால 22.04ல கன்வெர்ட்டரை மாட்டினதும் ப்ரெய்ல் டிஸ்ப்ளேன்னு நினைச்சு எடுத்துக்கும். அந்த ஆபீஸ்ல ப்ரெய்ல் டிஸ்ப்ளே தேவைப்படறவங்க யாரும் இல்லாததால பேக்கேஜையே எடுக்கச் சொன்னேன். தேவைப்படறவங்க இருக்கற இடத்துல தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, மாட்டற டிவைஸை எது எடுத்துக்கணும்னு சொல்ற யுடெவ் ரூல்ல அந்த ஒரே ஒரு நம்பரை மட்டும் அணைச்சா போதும், அவங்களோட வசதிய புடுங்கக்கூடாது. எடுத்ததும் கேபிளை கழட்டி மாட்டினான், ஒரே தடவைல பிஎல்சி பதில் குடுத்துச்சு.

இதுல விஎம்வேருக்கு சம்பந்தமே இல்லங்கறத கவனிக்கணும். பழசை புதுசுக்கு மாத்தும்போது எது உடைஞ்சாலும் பழசு மேலதான் சந்தேகம் போகும். தம்பி எக்ஸ்பிக்குள்ளயே முக்கால் மணி நேரம் தேடியிருக்கான்.

2024 ஆகஸ்ட்: காலைல வந்த ஃபோன்

பிப்ரவரில இருந்து ஜூலை வரைக்கும் பெருசா தொந்தரவு இல்ல. 6.5லயே சின்னச் சின்ன அப்டேட் வந்தப்போ தம்பி மாட்யூலை கம்பைல் பண்ணி கையெழுத்து போட கத்துக்கிட்டான், பேப்பர் இல்லாமயே மனப்பாடமா பண்ணுவான். ஆகஸ்ட்ல 22.04க்கு வர்ற கர்னல் 6.5ல இருந்து 6.8க்கு தாவுச்சு. உபுண்டு செக்யூரிட்டி அப்டேட்டை தானா போட்டுக்கும், கர்னலும் அதுல சேந்து வரும், லேப்டாப்பை அடுத்து ரீஸ்டார்ட் பண்றப்போ புது கர்னல்ல எந்திரிக்கும்.

ஒரு திங்கக்கிழமை காலைல 7 மணி வாக்குல ஃபோன்.

"அண்ணா, விஎம்மு தொறக்க மாட்டேங்குதுங்ணா. கம்பைல் பண்ணோணும்ங்குது, பண்ணா எர்ரரா கொட்டுதுங்ணா."

"எந்த மில்லுடா? மெஷின் நிக்குதா?"

"நிக்குதுங்ணா. பேட்டரி போயி ப்ரோக்ராம் அழிஞ்சிருச்சு. மெயின்டனன்ஸ் சார் பக்கத்துலயே நிக்கறாருங்ணா."

அந்த இடத்துல பேட்ச் தேடறதெல்லாம் நடக்கற காரியம் இல்ல, மில்லுக்குள்ள டவரும் சரியா கிடைக்காது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன், நேத்து வரைக்கும் எந்த கர்னல்ல ஓடுச்சுன்னு. உபுண்டு புது கர்னல் போடும்போது முந்தின கர்னலை உடனே அழிக்காது, அதுக்கான மாட்யூலும் அதோட ஃபோல்டர்லயே பத்திரமா இருக்கும். லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப்பை அமுத்தி, எந்த கர்னல்ல எந்திரிக்கணும்னு கேக்கற கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள்ள போயி 6.5ஐ எடுக்கச் சொன்னேன். ரெண்டு தடவ எஸ்கேப்பை ஜாஸ்தி அமுத்தி வேற இடத்துக்கு போயிட்டான், மூணாவது தடவ கிடைச்சுச்சு. எக்ஸ்பி எந்திரிச்சுச்சு. பிஎல்சிக்கு புது பேட்டரி போட்டு, ப்ரோக்ராமை ஏத்தி, ரன் லைட்டு எரிஞ்சப்போ மணி 8 ஆகப்போகுதுன்னு சொன்னான்.

ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு விட்ற முடியாது. இன்னொரு அப்டேட் வந்து பழைய கர்னலை துடைச்சுட்டுப் போயிருந்தா அந்த வழியும் இல்ல, தம்பி லேப்டாப்ப மூடிட்டு 40 கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கணும். அந்த மெஷினை நம்பி ஷிஃப்ட்டுக்கு வந்தவங்க சும்மா உக்காந்திருக்கணும். அன்னைக்கு சாயங்காலம் ஓனர் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு முடிவு கட்டிருங்க தம்பி, பையன் ஒவ்வொரு தடவையும் பயந்துட்டே போறான்"னாரு. அவரு திட்டல, ஆனா அந்த வார்த்தை எனக்கு உறைச்சுச்சு.

முடிவு: கேவிஎம்முக்கு மாத்தறது

உடனே பண்ணது, 6.5 கர்னலையே டிஃபால்ட்டா வெச்சு, கர்னல் பேக்கேஜை அப்டேட் ஆகாம ஹோல்ட்ல போட்டது. இது தற்காலிகம்தான், செக்யூரிட்டி அப்டேட் வராத கர்னல்ல ஊர் சுத்தற லேப்டாப்ப ரொம்ப நாள் ஓட்டக்கூடாது.

6.8க்கும் மாட்யூலை திருத்தலாமான்னு பாத்தேன். முடியும்தான். அதுக்கப்புறம் அடுத்தது வரும், அதுக்கடுத்தது வரும், ஒவ்வொண்ணுக்கும் நான் உக்காந்து வரி வரியா மாத்தணும், நான் ஊர்ல இல்லன்னா இவங்க கதி என்ன. கேவிஎம் 2007ல 2.6.20லயே கர்னலோட சேந்தது, கர்னல் மாறுனா கேவிஎம்மும் கூடவே மாறி வரும், கம்பைல் கிடையாது, கையெழுத்தும் உபுண்டுவே போட்டு குடுத்துரும். காப்பாத்த வேண்டியது எக்ஸ்பியத்தான், அது எதுக்குள்ள ஓடுதுங்கறது நமக்கு முக்கியம் இல்ல. இதை ஓனருக்கு இதே மாதிரி சொன்னப்போ அவரு உடனே புரிஞ்சுக்கிட்டாரு, பழைய மோட்டரை புது பேஸ்ல உக்கார வெக்கற மாதிரின்னாரு.

செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை வேலைய ஆரம்பிச்சோம். முதல்ல விஎம் ஃபோல்டர் மொத்தத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்குல ரெண்டு காப்பி. அப்புறம் விஎம்வேர்லயே எக்ஸ்பிய திறந்து, பழைய ஸ்னாப்ஷாட்டை (அந்தந்த நேரத்து நிலைமைய சேத்து வெச்சது) எல்லாம் அழிச்சு டிஸ்க்கை ஒண்ணாக்கினோம். எக்ஸ்பிக்குள்ள போட்டிருந்த விஎம்வேர் டூல்ஸை அங்கயே அன்இன்ஸ்டால் பண்ணோம், வெளிய வந்தப்புறம் பண்ண முடியாது, நான் விஎம்வேருக்குள்ள இல்லயேன்னு சொல்லி அன்இன்ஸ்டாலர் நின்னுரும். கடைசியா சஸ்பெண்ட் பண்ணாம முழுசா ஷட் டவுன். சஸ்பெண்ட்ல இருக்கற விஎம்மோட நிலைமைய கேவிஎம்மால படிக்க முடியாது.

டிஸ்க் 2 ஜிபி துண்டு துண்டா இருந்துச்சு, கேவிஎம்மோட சேந்து வேலை செய்யற கியூஎம்யூவோட கன்வெர்ட் கட்டளைக்கு அந்த முதல் சின்ன ஃபைலை குடுத்தா துண்டுகளை எல்லாம் அதுவே தேடி எடுத்து ஒரே கியூகவ் 2 ஃபைலா ஆக்கிரும். கேவிஎம்ல விஎம்களை உருவாக்கிப் பாத்துக்கற வர்ட் மேனேஜர்ல புது விஎம் உருவாக்கி, டிஸ்க்கை ஐடிஇங்கற பழைய வகை இணைப்புல குடுத்து ஆன் பண்ணேன். நீல ஸ்க்ரீன், கடைசில 7பின்னு ஒரு எர்ரர் நம்பர். எதிர்பாத்ததுதான், இருந்தாலும் அதைப் பாத்ததும் தம்பி முகம் வாடிருச்சு. விஎம்வேர் காட்டற ஐடிஇ சிப்பு வேற, கியூஎம்யூ காட்டறது வேற, எக்ஸ்பி தனக்குத் தெரிஞ்ச சிப்புக்கான டிரைவரோட மட்டும் எந்திரிச்சு, டிஸ்க்கையே காணோம்னு நின்னுருது. திரும்ப விஎம்வேர்ல பழைய காப்பிய திறந்து, டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ கன்ட்ரோலரோட டிரைவரை ஸ்டாண்டர்டு டூயல் சேனல்னு பொதுவானதுக்கு மாத்தி, ஷட் டவுன் பண்ணி, திரும்ப கன்வெர்ட் பண்ணோம். இந்த தடவ எந்திரிச்சுச்சு.

நெட்வொர்க் கார்டுக்கு விஎம்வேர்ல இருந்த பிசிநெட் வகையையே குடுத்து, மேக் அட்ரஸும் பழசையே வெச்சேன். எக்ஸ்பி ஹார்டுவேர் ரொம்ப மாறிப்போச்சுன்னு நினைச்சா ஆக்டிவேஷன் திரும்ப கேக்கும், அதைக் கூடுமானவரைக்கும் தவிர்க்கணும். எங்களுக்கு கேக்கல. டச் ஸ்க்ரீன் சாஃப்ட்வேரும் லைசென்ஸை ஏத்துக்கிச்சு, அது திறந்தப்போதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சீரியல் போர்ட்டுக்கு டிடிஒய் யுஎஸ்பி 0ன்னு குடுக்கல. கழட்டி மாட்டினா சில நேரம் அது 1 ஆயிரும், அப்புறம் விஎம் தேடிட்டு நிக்கும். சீரியல் ஃபோல்டர்ல ஐடி வாரியா ஒரு பேரு இருக்கும், அது மாறாது, அதை காம் 1க்கு குடுத்தோம். அலமாரில இருந்த அந்த எஃப்எக்ஸ் 2என்ஐ மேசைல வெச்சு, ப்ரோக்ராம் எடுத்து, அழிச்சு, திரும்ப ஏத்தி, மானிட்டர்ல வெச்சு அரை மணி நேரம் பாத்தோம். ஜனவரில பண்ணாத வேலைய செப்டம்பர்ல பண்ணோம்.

அதுக்கப்புறம் வேணும்னே கர்னல் ஹோல்டை எடுத்து, 6.8க்கு அப்டேட் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, தம்பிய மட்டும் உக்கார வெச்சு திறக்கச் சொன்னேன். நான் பக்கத்துல நிக்கல, வெளிய டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா ப்ரோக்ராம் ஏத்தி முடிச்சிருந்தான்.

அப்புறம் என்ன ஆச்சு

செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கர்னல் அப்டேட் பல தடவ வந்துச்சு, ஒரு தடவகூட எக்ஸ்பி நிக்கல. செக்யூர் பூட் ஆன்லயே இருக்கு, விஎம்மான், விஎம்நெட் ரெண்டையும் எடுத்தாச்சு.

இழந்ததும் உண்டு. விஎம்வேர்ல இருந்த ஷேர்டு ஃபோல்டர் போயிருச்சு, அதுதான் டெக்னீஷியனுங்களுக்கு ரொம்ப சிரமம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1ங்கற பழைய ஃபைல் ஷேரிங் முறை வழியா ஷேர் குடுக்கலாம், ஆனா 2014 ஏப்ரல் 8ல சப்போர்ட் முடிஞ்ச சிஸ்டத்துக்காக லேப்டாப்புல அப்படி ஒரு கதவைத் திறந்து வெக்க எனக்கு மனசு வரல. எக்ஸ்பியோட நெட்வொர்க்கை வெளிய போகாம அடைச்சுட்டு, ஃபைல் மாத்த ஒரு பென் டிரைவை விஎம்முக்குள்ள குடுக்கற மாதிரி பண்ணியிருக்கோம். ஸ்க்ரீன் சைஸும் விண்டோவோட சேந்து தானா மாறாது.

2024 நவம்பர்ல வொர்க்ஸ்டேஷன் ப்ரோ ஆபீஸ் உபயோகத்துக்கும் இலவசம்னு அறிவிச்சாங்க. ஓனர் அதைப் படிச்சுட்டு, நாம அவசரப்பட்டுட்டமான்னு கேட்டாரு. ஜனவரிலயே இலவசமா இருந்திருந்தா 17ஐப் போட்டிருப்போம், அது நிஜம். ஆனா கர்னல் மாறுனா யாரோ ஒருத்தர் மாட்யூலை பாக்கணுங்கறது அப்பவும் இருந்திருக்கும், அந்த ஒருத்தர் அந்த ஆபீஸ்ல இல்ல. அதனால மாத்துனதுல எனக்கு வருத்தம் இல்ல.

திரும்ப பண்ணா எதை மாத்துவேன்

ஜனவரில பேட்ச் போட்டதை மாத்த மாட்டேன், அந்த வாரத்துக்கு அதுதான் வழி. ஆனா பேட்ச் போட்ட அன்னைக்கே கர்னலை ஹோல்ட்ல போட்டிருப்பேன், கேவிஎம் மாத்தறதுக்கு ஒரு தேதியும் குறிச்சிருப்பேன். தேதி இல்லாததாலதான் ஆகஸ்ட் வரைக்கும் இழுத்துச்சு.

டெஸ்ட்டுன்னா விஎம் திறக்கறது இல்ல, பிஎல்சி பதில் சொல்றதுதான் டெஸ்ட்டு. இது பிஎல்சிக்கு மட்டும் இல்ல, டாங்கிள் (லைசென்ஸுக்காக மாட்டற சின்ன சாவி), பார்கோட் பிரிண்டர், தராசு எது மாட்டறதா இருந்தாலும் அதை மாட்டி வேலை செஞ்சு பாத்த பின்னாடிதான் முடிஞ்சதுன்னு சொல்லணும். துண்டு பேப்பர்ல எழுதி குடுத்ததும் சரியில்ல. இப்ப லேப்டாப் மூடியோட உள்பக்கமே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கிரப் மெனுவுக்கு எந்த கீ, பேக்கப் எந்த ஃபோல்டர், கேபிள் எந்த போர்ட்டுன்னு பெரிய எழுத்துல எழுதியிருக்கோம்.

விஎம்வேர் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான விர்ச்சுவல்பாக்ஸ்ல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 6.12 கர்னல்ல இருந்து கேவிஎம் லோட் ஆகும்போதே ப்ராசஸரோட விர்ச்சுவலைசேஷனை தன் கையில எடுத்துக்குது, அதனால அதே மெஷின்ல விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் எந்திரிக்காம விஎம்எக்ஸ் ரூட் மோடுன்னு எர்ரர் காட்டலாம். அந்த நேரத்துல விர்ச்சுவல்பாக்ஸை அழிச்சு திரும்ப போடாதீங்க, கேவிஎம் மாட்யூலை இறக்கிட்டு திறந்து பாருங்க.

பழைய லேப்டாப்பை தூக்கிப் போடல. கீலுக்கு ஒரு தகடு வெச்சு ஸ்க்ரூ அடிச்சு, நெட் கனெக்ஷனே இல்லாம, 18.04 மேல அதே வொர்க்ஸ்டேஷனோட அலமாரில எஃப்எக்ஸ் 2என் பக்கத்துல வெச்சிருக்காங்க. மாசத்துல முதல் சனிக்கிழமை தம்பி அதை சார்ஜ் போட்டு, எக்ஸ்பிய திறந்து, கேபிளை மாட்டி பிஎல்சிய ஒரு தடவ படிச்சு பாத்துட்டு, தேதிய அலமாரிக் கதவுல பென்சில்ல எழுதி வெக்கறான்.